சீட்டில் இருந்த ஜெர்மன்காரர்

காலை ஆறே கால் மணி. நானும் என் மனைவி மஞ்சுளாவும் திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். சென்னை இங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போக வர இரண்டு பேருக்கும் டிக்கெட் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் விடியற்காலை வண்டியைப் பிடிப்பதுதான் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் போனால் சீட்டுப் போடும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.

என் சட்டைப் பையில் எங்கள் ஊர் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டுத் தாள் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெயரை மருந்துக்கடைக்காரர் படித்துக் காட்டி, "ஜெர்மன் டாக்டர் பேருங்க. பெரிய சர்ஜன்," என்றார். அப்படியானால் சென்னையில் ஒரு ஜெர்மன் டாக்டர் இருக்கிறார், அவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வாயில் நுழையாத அந்தப் பெயரை ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பழகினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புது ஆளிடம் நாலு வார்த்தை பேசவேண்டும் என்றால் முந்தின நாளே பேச்சைத் தயார் செய்துகொள்வேன்.

மஞ்சுளா மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்கிறாள். தைக் கிருத்திகை அன்று பூக்கூடையோடு மலைப்படி ஏறும்போது, பால்குடங்களிலிருந்து சிந்திக் கிடந்த பாலில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்கைக்குப் பக்கத்தில் எலும்பு முறிந்தது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பெரியவர் இருக்கிறார். அவரிடம் கூட்டிப் போனேன். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் தடவி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் நிதானமாகச் சுற்றினார். "வெரல் மரத்துப் போச்சுன்னா ஒடனே இட்டுகினு வா நைனா. நீயா மட்டும் கட்டத் தொடாத," என்று சொல்லி அனுப்பினார்.

நான் தொட்டேன். இதை ரயில் ஏறிய அந்தக் காலை வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

என் தொழில் பந்தல் போடுவது. மூங்கிலும் கயிறும்தான் பிழைப்பு. நான் போட்ட பந்தல் காற்றுக்குச் சாய்ந்ததில்லை. தளர்ந்த கட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கட்டுப் போட்டு வந்த அன்று சாயங்காலம் அவள் மாத்திரை போட்டு அசந்து தூங்கினாள். பார்த்தால் துணி தொளதொளவென்று இருந்தது, பத்தை லேசாக ஆடியது. பெரியவருக்குக் கையில் பலம் போய்விட்டது என்று நினைத்தேன். வெளிச்சுற்றை மட்டும் அவிழ்த்து, இழுத்துச் சுற்றி, பந்தலுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். அவள் முனகினாள், ஆனால் விழிக்கவில்லை.

மறுநாள் விரல்கள் வீங்கின. அவள் பள்ளிப்பட்டுக்காரி, தெலுங்கு வழக்கில் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். "பாவா, உள்ள நெருப்பு வெச்ச மாரி கீது," என்று அழுதாள். "எலும்பு கூடறப்போ வலிக்கத்தான் செய்யும்," என்றேன். மூன்றாம் நாள் விரல்கள் நீலமாகிவிட்டன. ஊர் டாக்டரிடம் ஓடினோம். நர்ஸம்மா கத்தரியால் கட்டை வெட்டினார். அப்புறம் ஏழு வாரத்தில் ஐந்து விரல்களும் உள்ளே சுருண்டு மூடிக்கொண்டன. எலும்பு மட்டும் நன்றாகக் கூடியிருந்தது.

அரக்கோணத்தில் கூட்டம் ஏறியது. பெரம்பூருக்கு வேலைக்குப் போகும் மெக்கானிக் பாய் ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சுளாவின் கையையே பார்த்தார்.

"இன்னாம்மா, கையில எதுனா மூடி வெச்சிகினு கீறியா?"

"ஆங். எங்க ஊட்டுக்காரரு குட்த்த சொத்து. தொறந்தா பறந்து பூடும்."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். திருவாலங்காடு தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டேமுக்காலுக்கு சென்ட்ரல். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துவிட்டு ஒன்பதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது தயார் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. தாளை நீட்டி அந்தப் பெயரில் விரலை வைத்து, "இந்த டாக்டர பாக்கணுங்க," என்றேன்.

சீட்டுப் போடுகிறவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரயாண்ணே? இவர பாக்கணும்னா மேல போவணும்," என்று விரலைத் தூக்கிக் காட்டினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மேலே போனோம். முதல் மாடியில் இல்லை என்றார்கள். இரண்டாவது மாடியிலும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் தாளைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணா, அது நோயோட பேரு. அந்த டாக்டர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. நீங்க கீழ எலும்பு டிபார்ட்மெண்டுக்குப் போங்க."

"அப்ப சீட்டு போட்ட ஆளு மேலன்னு சொன்னது சரிதான் பாவா," என்றாள் மஞ்சுளா. "நாமதான் பாதியில நின்னுட்டோம்."

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட இளவயது டாக்டரம்மா. மஞ்சுளாவின் மணிக்கட்டைக் கீழே வளைத்தார். விரல்கள் கொஞ்சம் விரிந்தன. மேலே தூக்கினார். மறுபடி மூடிக்கொண்டன. மூன்று தடவை அப்படிச் செய்தார். நாங்கள் அந்த ஜெர்மன்காரரைத் தேடி மூன்று மாடி ஏறிய கதையை மஞ்சுளா சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவரைப் பற்றிச் சொன்னார்.

அறுவை செய்கிற டாக்டர் அவர். கெட்டுப்போன சதை ஏன் கெட்டது என்று ஆராய்ந்தவரும்கூட. போருக்குப் போய், காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார். அந்தப் போர் முகாமில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதையும் எழுதினாராம். அந்தக் காலத்தில் இப்படிக் கை மூடிப்போனால் நரம்பு செத்துவிட்டது என்பார்களாம். இல்லை, கட்டு இறுகி ரத்தம் போகாமல் சதை பட்டினி கிடந்து செத்திருக்கிறது என்று சொன்னவர் இவர்.

"அவர் பாத்த கை எல்லாம் யார் கட்டினதுங்க?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், நான் கேட்டது.

"டாக்டருங்க கட்டினதுதான். நல்லாவணும்னுதான் இறுக்கிக் கட்டினாங்க," என்றார். பிறகு மஞ்சுளாவைப் பார்த்து, "உங்களுக்கு யாரும்மா இவ்ளோ இறுக்கிக் கட்டினது?"

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

"எல்லைக்கு அந்தாண்ட ஒரு கட்டுக்காரரும்மா," என்றாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் பயிற்சி, அப்புறம் ஆபரேஷன். கை முழுசாகப் பழையபடி வராது. டம்ளர் பிடிக்கலாம், பூக்கட்ட முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது. கையில் மாட்டிக்கொள்ள ஒரு தகடும் பட்டையும் கொடுத்தார். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையவேண்டும், நகத்தை அமுக்கி விட்டால் உடனே சிவக்கவேண்டும் என்று காட்டினார். எனக்குத்தான் காட்டினார்.

சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டோம், ஒரு பொட்டலம் நாற்பது ரூபாய். இரண்டரை மணி வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஆவடியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆவடி போய்விட்டது. திருவள்ளூரும் போய்விட்டது. கடம்பத்தூரில் பக்கத்தில் இருந்தவர்கள் இறங்கியதும், "அந்தப் பெரியவர் இல்ல மஞ்சுளா. நான்தான் இறுக்கினேன்," என்றேன்.

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துப் பல்லால் கயிற்றை இழுத்தாள். பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பழுப்பேறிய துணித்துண்டு. நர்ஸம்மா கட்டை வெட்டியபோது கத்தரி முடிச்சுக்குப் பக்கத்தில் போயிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

"பதினெட்டு வருஷமா பாத்துகினு கீறேன், பந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். டாக்டரம்மா கேட்டப்பகூட வாயத் தொறக்கல நீ."

"பயமா இருந்துது."

"எனுக்கும் பயமாதான் இருந்துது. வலிக்குது வலிக்குதுன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முடிச்ச அவுரு," என்றாள்.

இழுத்தால் இறுகும் முடிச்சு அது. ஒரு முனையைப் பின்னுக்குத் தள்ளினால்தான் விடும். முட்டைக்கரு காய்ந்து கல்லாகியிருந்தது. எச்சில் தொட்டு நனைத்துத் தள்ளினேன். மோசூர் வருவதற்குள் விட்டுவிட்டது. துணியை மடியில் விரித்தேன். மடிப்பு மட்டும் போகவில்லை.

"அவுக்க அவ்ளோ நேரம்தானா?" என்று கேட்டாள்.

"ஆங்," என்றேன்.

அரக்கோணம் தாண்டியது. தூரத்தில் மலை தெரிந்தபோது வலது கையால் கும்பிடப் போய், இடது கையையும் தூக்கி அதனோடு சேர்த்துக்கொண்டாள்.

திருத்தணியில் வண்டி அதிக நேரம் நிற்காது. முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிட வேண்டும். பையோடு நான் முதலில் இறங்கினேன். அவள் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூடிய இடது கையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"புடி பாவா," என்றாள். "வண்டி கெளம்புது."