முன் சீட்டைக் காலியாக விடாதே

பேய், ஆவி, காற்று, கறுப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளந்து பார்க்காமல் அம்மா சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதையில் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள்.

கயாக்கில், அந்தச் சின்னத் துடுப்புப் படகில், மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், எந்தக் கயாக் வாங்கலாம் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். என் கொட்டகைக்குள் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் அந்த இரண்டு சீட்டுக் கயாக்கை விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் கடலோரத்தில் பிறந்தவன் இல்லை. அச்சரப்பாக்கம் பக்கம், வயல் வேலைக்குப் போன குடும்பம், எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். வேலைக்குப் போய் கையில் நாலு காசு சேர்ந்ததும் மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது. வீடியோ பார்த்தேன், அகலம், நீளம், எடை எல்லாம் நோட்டில் எழுதினேன். ஆரம்பத்தில் கயாக் வாங்குகிறவன் செய்யும் பெரிய தப்பு என்ன தெரியுமா? வேகமாகப் போகிறதா என்று பார்ப்பது. மீன் பிடிக்க வேகம் எதற்கு? அசையாமல் நிற்க வேண்டும். அகலமாக இருக்க வேண்டும், மேலே உட்காரும் வகையாக இருக்க வேண்டும், ஏறிய தண்ணீர் தானாக வடிய அடியில் ஓட்டைகள் இருக்க வேண்டும், கால் மிதியை உங்கள் கால் நீளத்துக்குத் தள்ளி வைக்க முடிய வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

நான் செய்த தப்பு வேறு. என் மனைவி ஸ்டெல்லாவும் ஒருநாள் என்னோடு வருவாள் என்று ஆசைப்பட்டு இரண்டு சீட்டு வாங்கினேன். படூரில் இருக்கும் பஷீர் பாய் பழையதை விற்றார். கேளம்பாக்கத்தில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் குள்ளமான, கலகலப்பான மனிதர். கயாக்கை வண்டி மேல் கட்டும்போது மட்டும் சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"தனியா போசொல்ல முன் சீட்ட காலியா வுடாத நைனா. ஒரு தண்ணி கேனாவது வெச்சிகினு போ."

எனக்குப் புரிந்தது. அதாவது புரிந்ததாக நினைத்தேன். இரண்டு சீட்டுக் கயாக்கில் ஒருவன் பின்னால் மட்டும் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பும். இருபது லிட்டர் கேனை முன்னால் வைத்தால் சமமாகிவிடும். சரியான கணக்கு. நான் இன்னொரு படி மேலே போய், கேன் வைத்தால் தண்ணீர் எதுவரை வர வேண்டும் என்று மார்க்கரால் முன்பக்கம் ஒரு கோடும் போட்டுவிட்டேன்.

கோவளம் உப்பங்கழியில் ஆறு மாதம் பழகினேன். ஸ்டெல்லா ஒரே ஒரு தடவை வந்தாள். அவள் உயரத்துக்கு முன் சீட்டின் கால் மிதியை முதல் பல்லுக்கு இழுத்து வைத்தேன். மிதி நகரும் தண்டில் ஏழு பல் இருக்கும், கால் நீளமாக இருந்தால் பல்லும் கூடும், விசையை அழுத்தினால்தான் நகரும். எனக்கே நாலாவது பல் போதும், நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குழந்தை பிறந்தது, ஸ்டெல்லா மறுபடி வரவேயில்லை, நான் கொக்கிலமேட்டில் கடலில் இறங்க ஆரம்பித்தேன். அங்கே குமார் என்று ஒரு மீனவர், படகு வைத்திருப்பவர், என் கயாக்கை "பிளாஸ்டிக் தொட்டி" என்றுதான் சொல்வார்.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் காலம், குழந்தைக்கு நாலு மாதம். கேன் போடுகிறவர் இரண்டு நாளாக வரவில்லை, வீட்டில் இருந்தது ஒரே கேன். நான் அதைத் தூக்கப் போனேன்.

"கொயந்த பாலுக்கு தண்ணி வேணாமா? கடலுக்குப் போறவனுக்கு கேன் தண்ணி கேக்குதா?" என்றாள் ஸ்டெல்லா.

ஒருநாள் இல்லாவிட்டால் என்ன என்று கிளம்பிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி, எனக்கு ஆழம் தெரியும் என்ற திமிர். செல்போனையும் நனைந்துவிடும் என்று காரிலேயே வைத்துவிட்டுப் போனேன், மகா புத்திசாலி.

ஆறு மணிக்கு இறங்கினேன். கடல் தட்டு மாதிரி இருந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி இரண்டு பாரை மீன் கிடைத்தது, அந்த சந்தோஷத்தில் நேரம் போனதே தெரியவில்லை. எட்டு மணி வாக்கில் கரையிலிருந்து காற்று பிடித்தது. நல்ல வெளிச்சம், நீல வானம், பயப்பட ஒன்றுமே இல்லை. கரையைப் பார்த்துத் திருப்பினேன். மூக்கு தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. மறுபடி நேராக்கினேன், மறுபடி திரும்பியது. அரைமணி நேரம் துடுப்புப் போட்டேன், மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் கிட்டே வரவில்லை, சின்னதாகிக்கொண்டே போனது. விசில் ஊதினேன், ஒரு படகும் கண்ணில் படவில்லை. தோள் இரண்டும் செத்துவிட்டது. அப்போதுதான் பயந்தேன், சும்மா சொல்லக்கூடாது, அழுதேன். நாலு மாதக் குழந்தைக்கு என் முகம்கூட நினைவிருக்காதே என்றுதான் அழுதேன். அந்தக் கேனையும் விட்டுவிட்டு வந்தோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கயாக் ஒருமுறை இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, நின்றது. யாராவது ஏறி உட்கார்ந்து, இடுப்பைச் சரிசெய்துகொண்டால் இப்படித்தான் ஆடும், ஸ்டெல்லா ஏறியபோது பார்த்திருக்கிறேன். தூக்கியிருந்த மூக்கு இறங்கியது. முன் சீட்டுக்கு அடியிலிருந்த ஓட்டைகளில் தண்ணீர் குமிழி விட்டு மேலே வந்தது. நான் தனியாக இருக்கும்போது அந்த ஓட்டைகள் காய்ந்தே கிடக்கும். எட்டிப் பார்த்தேன், நான் போட்ட மார்க்கர் கோடு தண்ணீருக்குள் நாலு விரல் கீழே கிடந்தது. இருபது கிலோவுக்கு அது அவ்வளவு இறங்காது. சீட்டில் ஒன்றும் இல்லை, வெறும் சீட்டு.

நான் ஜெபம்கூடப் பண்ணவில்லை, துடுப்புப் போட்டேன். அம்பு மாதிரி நேராகப் போனது. அரைமணியில் கரை.

குமார் ஓடி வந்து முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார், தூக்க முடியவில்லை.

"இன்னா அண்ணாத்த, இந்தக் கனம் கனக்குது? உள்ள தண்ணி பூந்துகீதா?"

எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அதுதான் காரணம், எங்கோ விரிசல், உள்ளே தண்ணீர் இறங்கி மூக்கை அழுத்தியிருக்கிறது. இரண்டு பேருமாக இழுத்து மணலில் சாய்த்து, அடைப்பானையும் முன்பக்க மூடியையும் திறந்தோம்.

ஒரு சொட்டு வரவில்லை. குமார் கையை விட்டுப் பார்த்தார், உள்ளே காய்ந்து கிடந்தது. அப்புறம் தூக்கியபோது எப்போதும்போல லேசாக வந்தது. குமார் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "போய் நாஸ்தா துன்னு அண்ணாத்த" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் அதைத் தொட்டி என்று கிண்டல் செய்வதில்லை.

மணலைக் கழுவும்போதுதான் கவனித்தேன். முன் சீட்டின் கால் மிதி ஏழாவது பல்லில் இருந்தது. இரண்டு பக்கமும்.

காரில் உட்கார்ந்து பஷீர் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், இன்னிக்கு கேன் எடுத்துகினு போவல."

"கரைக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"நீ எறங்கிட்ட, சரி. அது எறங்கிச்சா?"

"எது பாய்?"

"கடைல கூட்டமா கீது நைனா, அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிட்டார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, இரண்டு வருடம் ஆகிறது.

நான் கடலுக்குப் போவதை நிறுத்தவில்லை. பத்தடி நீளத்தில் ஒற்றைச் சீட்டு வாங்கினேன், ஞாயிறு தவறாமல் போகிறேன், மகளுக்கு இப்போது மீன் பெயர்கூடத் தெரியும். நீங்களும் ஒற்றைச் சீட்டே வாங்குங்கள், கடையில் புதிதாக வாங்குங்கள். முதல் ஆறு மாதம் உப்பங்கழி, அப்புறம் கடல். போனை உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். இதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த இரண்டு சீட்டு விற்பனைக்கு இல்லை. பாய் எனக்குச் சொன்னதை நான் இன்னொருவருக்குச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அது என்னைக் கரை சேர்த்தது, அதற்கு நான் நன்றி கெட்டவனும் இல்லை. முன் சீட்டில் ஒரு கேனை நிரப்பி வைத்துத்தான் மூடியிருக்கிறேன். போன மாதம் சுத்தம் செய்தபோது கால் மிதியை முதல் பல்லுக்கு இழுத்துவிட்டுத் தார்ப்பாயைப் போட்டேன். அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான் இழுத்துவிட்டேன்.

நம்பாவிட்டால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்கள், கொட்டகை திறந்துதான் இருக்கிறது. எந்தப் பல்லில் இருக்கிறது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.