ஹொசே என்று ஒரு தம்பி

என் பக்கத்து வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவதோடு காரியம் முடியாது. பிள்ளை மெழுகுதிரியை ஊதி முடித்ததும் சுற்றி நிற்கிற சனம் முழுக்கக் கடி, கடி என்று கத்தும். பிள்ளை பாவம், நம்பிக் குனியும். குனிந்ததுதான் தாமதம், யாராவது ஒரு சித்தப்பன் பின்மண்டையில் பிடித்து முகத்தைக் கேக்குக்குள் அமுக்கிவிடுவான். மூக்கெல்லாம் கிரீம், இமையெல்லாம் கிரீம். பிள்ளை அழும், தாய் சிரிப்பாள், பாட்டுப் பெட்டி அலறும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், மெக்சிக்கோக்காரர் நிறைந்த இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் இதைக் கண்டு நான் பாய்ந்துபோய் அந்தச் சித்தப்பனின் கையைத் தட்டிவிட்டேன். எல்லோரும் என்னை விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வீட்டுக்காரி லூப்பே மட்டும் என் தோளை அணைத்து, ஒரு துண்டு கேக்கைக் கையில் தந்து இருத்தினாள். அந்தத் துண்டில் பிள்ளையின் மூக்கு அச்சு இருந்தது.

இவர்களுக்கு எதையாவது அடிக்காமல் கொண்டாட்டம் இல்லை. கடதாசியில் கழுதை செய்து, வயிறு நிறைய இனிப்பைத் திணித்து, கயிற்றில் தொங்கவிட்டு, பிள்ளைகளின் கண்ணைக் கட்டித் தடியால் அடிக்க விடுவார்கள். குடல் சரிந்து இனிப்புக் கொட்டும். அந்த இனிப்பிலும் மிளகாய்த்தூள். மாம்பழத்தில் மிளகாய்த்தூள், சோளத்தில் மிளகாய்த்தூள், பியர் குடிக்கிற கிளாசின் விளிம்பிலும் மிளகாய்த்தூள். யாழ்ப்பாணத்துக் குடலே அவதிப்பட்டது என்றால் பாருங்கள். ஞாயிறு காலையில் மாட்டுக் குடலில் சூப் வைத்து, முதல்நாள் குடித்த ஆம்பிளைகளை வரிசையில் இருத்தி ஊற்றுவார்கள். மத்தியானம் தொலைக்காட்சியில் முகமூடி போட்ட மல்லர்கள் ஒருவனையொருவன் தூக்கி எறிவார்கள். லூப்பே வீடே எழும்பி நின்று விசிலடிக்கும். முகமூடியைக் கண்டால் நான் கதவோரம் தள்ளி நிற்பேன். முகத்தை மூடிக்கொண்டு வந்தவன் தலையை ஆட்டாமல் ஆளைத் தூக்கி எறிகிறானே, அதுவே பெரிய புண்ணியம் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

சண்டைக் காலத்தில் நானும் தம்பி ரூபனும் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், லொட்ஜ் ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஊரில். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் ஒரு தமிழ்ப் பெடியனுக்கு ஊரிலும் இருக்க ஏலாது, கொழும்பிலும் இருக்க ஏலாது. நுகேகொடையில் ஒரு புடவைக் கடையில் நான் வேலை பார்த்தேன் என்று பெயர். என் உண்மையான வேலை அவனை உயிரோடு பிளேனில் ஏற்றுவது. மெக்சிக்கோ வழியாகக் கனடா என்று ஏஜென்ட் சொன்னார். தம்பியின் சுருட்டை முடியையும் நிறத்தையும் பார்த்து, இவனை மெக்சிக்கோக்காரனாகவே அனுப்பலாம் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். பாஸ்போர்ட்டில் பெயர் ஹொசே.

மெக்சிக்கோவை நாங்கள் எங்கே கண்டோம்? தொலைக்காட்சியில் கண்டோம். பின்னேரங்களில் மெக்சிக்கோ நாடகத் தொடர் ஒன்று சிங்களத்தில் பேசிப் போய்க்கொண்டிருந்தது. கனடாவுக்கும் லண்டனுக்கும் காத்திருந்த லொட்ஜ் சனம் முழுக்க அதன்முன் கூடிவிடும். நாயகி எதற்கெடுத்தாலும் அறைவாள். ஒரே அறையை மூன்று பக்கத்தால் காட்டுவார்கள். எசமானி மயங்கி விழுவாள், விழமுன் நெஞ்சில் சிலுவை போடுவாள். டிரைவர் ஒருவன் முழங்காலில் விழுந்து அழுதுகொண்டே இருப்பான், அவனுக்கும் பெயர் ஹொசேதான். அந்த நாட்டில் தடக்கி விழுந்தால் ஒரு ஹொசேக்கு மேல்தான் விழவேண்டும் போலிருந்தது. தம்பி படித்தது இந்தப் பள்ளிக்கூடத்தில். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவன், இடி இடித்தால் சிலுவை போடும் அளவுக்கு முன்னேறினான். இவன் மெக்சிக்கோவில் இறங்கிச் சிங்களத்தில் அழப்போகிறான் என்று லொட்ஜ் பெடியள் பகிடி விட்டார்கள்.

ஏஜென்ட் வந்தால் பகிடி இல்லை. கதைக்கு நடுவில், சாப்பாட்டுக்கு நடுவில், திடீரென்று உன் பெயர் என்ன என்று கேட்பார். கொஞ்சம் தாமதித்தாலும் கன்னத்தில் ஒன்று விழும்.

"யூனிபோர்ம் போட்டவன் எவன் கேட்டாலும் நீ ஹொசே. யோசிச்சியெண்டா அங்கயே துலைஞ்சாய்."

எத்தனையோ அறைகளுக்குப் பிறகு தம்பிக்கு யோசனை விட்டுப்போனது. கேட்ட மாத்திரத்தில் ஹொசே என்றான். ஏஜென்ட் திருப்திப்பட்டார்.

அந்தக் கிழமைதான் நகரத்தில் குண்டு வெடித்தது. ரேடியோவில் செய்தி முடியமுதல் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையிலும் பொலிஸ் ட்ரக். ஆம்பிளைகளை இழுத்து மதிலோரம் நிறுத்தினார்கள், ஆளாளுக்கு அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி. பிறகு ஜீப்பிலிருந்து தலையாட்டியை இறக்கினார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவனை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் ட்ரக்கில். சாக்குக்குள் இருப்பது யார், உண்மையில்தான் ஆட்டுகிறானா, அடி தாங்காமல் ஆட்டுகிறானா, ஒருவருக்கும் தெரியாது. என் கண் முன்னாலேயே இரண்டு பெடியளை அப்படித் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போனார்கள். தம்பி முன்னால் அந்தச் சாக்கு நின்றபோது நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்கு அசையவில்லை. அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நான் கம்பியை விட்டேன்.

எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஒரு அதிகாரி தம்பியின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினான். நீட்டியபடியே, சும்மா, பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

தம்பி யோசிக்கவில்லை. "ஹொசே," என்றான்.

துவக்குப் பிடி வாயில் இறங்கியது. அட்டையில் சிவரூபன், வாயில் ஹொசே என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், இயக்கப் பெயர். விழுந்தவனைச் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். மிதி விழ விழ அவன் கை தன்பாட்டில் சிலுவை போட்டது. அதற்கும் சேர்த்து மிதித்தார்கள். நான் படிகளில் உருண்டு புரண்டு இறங்கி வருவதற்குள் ட்ரக் பெருந்தெருவான காலி வீதியில் ஏறிவிட்டது.

பொலிஸ் நிலைய வாசலில் நாய் மாதிரிக் கிடந்தேன். ஏஜென்ட் விஷயத்தைச் சொன்னால் கள்ளப் பாஸ்போர்ட் என்று மறியலில் போடுவார்கள். சொல்லாவிட்டால் இயக்கம், உயிரே மிஞ்சாது. கடைசியில் பொறுப்பதிகாரி முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியபோது என் வாயில் வந்தது தொடர்தான். அது நாடகத்தில் வருகிற டிரைவரின் பெயர் சேர், தம்பிக்கு அந்த நாடகத்தில் விசர், எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று உடைந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூலையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த பெண் பொலிஸ் ஒருத்தி தலையை நிமிர்த்தினாள். உண்மைதான் சேர், அப்படியொரு டிரைவர் இருக்கிறான், போன கிழமைதான் எசமானி அவனை வீட்டைவிட்டுத் துரத்தினாள் என்றாள்.

தம்பியைக் கொண்டுவந்தார்கள். கீழுதடு பிளந்திருந்தது. இடது காதால் வடிந்த இரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. விசர் என்றால் அந்தக் காட்சியை நடித்துக் காட்டட்டும் என்றார் அதிகாரி. என் தம்பி சீமெந்துத் தரையில் முழங்காலில் விழுந்தான். பெண் பொலிஸின் கையைப் பிடித்து, செனோரா என்னைத் துரத்தாதீர்கள் என்று சிங்களத்தில், வரி பிசகாமல் அழுதான். உதட்டு இரத்தம் அவள் மணிக்கட்டில் ஒட்டியது. நெஞ்சில் சிலுவை போட்டான். நிலையம் முழுக்கச் சிரித்தது. ஒருவன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். திரும்பச் செய் என்றார்கள், திரும்பவும் செய்தான். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் விடமாட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. லேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டு தட்டச்சுக்குத் திரும்பினாள். அன்று பொழுதுபட முதல் அவனை விட்டார்கள்.

களுபோவில ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். அந்தக் காது திரும்பக் கேட்கவேயில்லை. கட்டிலில் கிடந்தபடி தைத்த வாயால் சொன்னான்.

"நான் போகேல்லயக்கா. இனி ஆர் கேட்டாலும் என்ர பேரைத்தான் சொல்லுவன். நீ போ."

கெஞ்சினேன், ஏசினேன். எருமை, அசையவில்லை. ஏற்பாடு செய்த பயணம் வீணாகக் கூடாதென்று ஏஜென்ட் என்னை மரியா ஆக்கினார். போய்ச் சேர்ந்து அவனைக் கூப்பிடலாம் என்று நம்பி ஏறினேன். மெக்சிக்கோவில் இறங்கி, யார் யாரோ வீட்டில் ஒளிந்து, கனடாவைக் காணாமலே இந்தத் தெருவில் வந்து நின்றேன்.

அடுத்த வருஷம் லொட்ஜ் முதலாளி, மாளிகாவத்தை ஹாஜியார், தொலைபேசியில் அழைத்தார். வாசலில் வெள்ளை வான் ஒன்று வந்து நின்றதாம். இறங்கியவர்கள் யூனிபோர்ம் போட்டிருக்கவில்லையாம்.

"பேரக் கேட்டாங்க மகள். புள்ள சரியாத்தான் சென்னாரு, சிவரூபன் எண்டு. அந்தப் பேரத் தேடித்தான் வந்திருக்காங்க."

தலையில் பிஸ்டலால் அடித்து, காலைப் பிடித்து இழுத்து ஏற்றினார்களாம். பிறகு அவன் எங்கும் இல்லை. எந்த முகாமிலும் இல்லை, எந்தச் சிறையிலும் இல்லை. உடலும் இல்லை. சண்டை முடிந்து இத்தனை காலமாகியும் அம்மா அவன் படத்துக்குப் பூ வைக்க விடுவதில்லை. வைத்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நவம்பர் பிறந்தால் லூப்பே வீட்டில் செத்தவர்களுக்குப் படையல். படங்கள், செவ்வந்திப் பூ, பாண், பியர், சுருட்டு. சீனியில் மண்டையோடு செய்து நெற்றியில் செத்தவரின் பெயரை எழுதி வைப்பார்கள். முடிந்ததும் பிள்ளைகள் அதைக் கறுக்குமுறுக்கென்று கடித்துத் தின்னும். செத்த மாமனின் தாடையைச் சப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையைக் கண்டிருக்கிறேன். வருஷா வருஷம் லூப்பே என் தம்பியின் படத்தைக் கேட்பாள், நான் கொடுப்பதில்லை. நான் வருகிற வழியில் படத்தைத் தொலைத்துவிட்டேன் என்று தனக்குள் முடிவுகட்டி, இந்த வருஷம் எழுதாத மண்டையோடு ஒன்றைக் கொண்டுவந்து, படம் வேண்டாம், பெயர் போதும் என்றாள்.

நான் இவ்வளவு காலமும் அவனுக்காக ஒருநாள் வாய்விட்டு அழுததில்லை. அழுதால் அவன் செத்துவிடுவான் என்ற பயம். அவள் முகத்தைப் பார்த்தேன். ஹொசே என்றேன்.

லூப்பே என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லை தாண்டும்போது பாலைவனத்தில் செத்த அவளுடைய அண்ணனும் ஹொசே. பச்சை ஐசிங்கால் எழுதி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், கதைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று. நான் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைத்தேன். முழங்காலில் விழுந்து, லூப்பே வீட்டுச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, தலையில் அடித்து அடித்து ஒப்பாரி வைத்து அழுதேன்.

பிறகு வீட்டுக்கு வந்து, தலை முழுகிவிட்டு, ஊருக்குப் போன் எடுத்தேன். தம்பியைப் பற்றி ஏதும் அறிந்தாயோ பிள்ளை என்று அம்மா கேட்டார். இன்னும் இல்லையம்மா, விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.