வீடு காட்டும் திரை

புதுக்கடை என்ற ஊரில் என் காருக்குக் கம்பெனி நேவிகேஷன் திரை பொருத்திய மெக்கானிக், எதைக் கேட்டாலும் அந்தத் திரையைத் தோள்துண்டால் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வேறொரு காரிலிருந்து கழற்றிய திரை அது. திருட்டுச் சாமானோ என்று எனக்குச் சந்தேகம். பழைய சொந்தக்காரர் யாரென்று பார்க்க, அதில் ‘வீடு’ என்றிருந்ததை அழுத்தினேன். வழி காட்டும் கோடு பட்டறைக்குப் பின்னாலிருந்த ஓட்டு வீட்டில் போய் நின்றது.

“இது யாருக்க வீடு அண்ணே?”

துடைத்தார். “நமக்க வீடாக்கும் சாரே. மோனுக்க வண்டியில கெடந்தது. வண்டி இடிச்சு, அவனும் போயிட்டான்.”

பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற வாரம் நண்பரின் காரில் திருவட்டாறு போனேன். அதிலும் அந்த மெக்கானிக் பொருத்திய பழைய திரைதான். சும்மா ‘வீடு’ என்று அழுத்தினேன். கோடு புதுக்கடைக்கு ஓடி, அதே ஓட்டு வீட்டில் நின்றது.

அவருக்கு எத்தனை மகன்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.