காட்டு லாட்ஜும் லிஃப்ட் ஹோட்டலும்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊரைக் காட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை, கூட்டிப்போனவர்களை ராத்திரி எங்கே படுக்க வைப்பது என்பதுதான் பெரிய வேலை. சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போய், மண்டபத்தில் இடம் பிடித்துக் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஃபேனுக்கு அடியில் கேட்டவர், ஃபேனே ஆகாது என்றவர், பாத்ரூமுக்குப் பக்கத்தில் கேட்டுவிட்டு வாடை அடிக்கிறது என்றவர் என்று எல்லாரிடமும் பேச்சு வாங்கியிருப்பீர்கள். நான் அதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷட்டர் போட்ட சின்னக் கடை, ஒரு வேன். ரொம்ப நாளாகத் திருச்செந்தூர், வேளாங்கண்ணி, பழனி என்றுதான் ஓடியது. கோயில் டூரில் ஒரு நிம்மதி உண்டு. என்ன குறை இருந்தாலும் புண்ணியக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். ஆனால் பெரிய பஸ்காரர்கள் எல்லாரும் அதே வழியில் இறங்கிவிட்டதால் என் வேனுக்கு ஆள் சேரவில்லை. துணிந்து முதுமலைக்கு ஒரு சஃபாரி டூர் போட்டேன். என் கணவர் நல்ல மனிதர். அவரே பொறுமையிழந்து சொன்னார்: "செல்வி, இந்த ஒரு ட்ரிப்பப் பாப்போம். மறுபடி வாரோம்னு யாராச்சும் சொன்னா நீ நடத்து. இல்லாட்டி ஷட்டர இறக்கிட்டு அண்ணன் உரக்கடைல வந்து உக்காந்துரு."

ஓடா, லிஃப்ட்டா

தங்குவதற்கு இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று, ஊட்டியில் லிஃப்ட், நீச்சல்குளம் எல்லாம் உள்ள பெரிய ஹோட்டல். மற்றது மசினகுடிப் பக்கம், காட்டை ஒட்டி, நடுவில் முற்றமும் சுற்றிலும் சில அறைகளும் உள்ள ஓட்டுக் கட்டடம். வேனில் பாதிக்கு மேல் பந்தல்குடி முத்தையா குடும்பம். மக்காச்சோளம் போடுகிற சம்சாரி, அறுவடை முடிந்த கையோடு அண்ணன் தம்பி, சம்சாரம், பிள்ளைகள் என்று கிளம்பியிருந்தார். அவர் மனைவி பாண்டியம்மாவிடம் போனில் இரண்டு இடத்தின் படத்தையும் காட்டினேன். ஹோட்டல் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "லிஃப்ட்டு இருக்கு, கொளம் இருக்குன்னு சொல்றீக. ஒல வைக்க எடம் இருக்கா?" என்றார். அடுப்படி லாட்ஜில்தான் உண்டு. ஆகவே அவர்கள் லாட்ஜ் கட்சி.

எதிர்க்கட்சி, காரியாபட்டி எஸ்தர் டீச்சர். ரிட்டயர்டு தலைமையாசிரியை. கணவரோடு வந்தார், ஆனால் அந்த மனிதர் பேசி நான் கேட்டதில்லை. டீச்சர் காலமெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் யானை வரைந்து காட்டியவர். காட்டு யானையை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. யானை காட்டில் இருந்தாலும் டீச்சருக்கு ஹோட்டல்தான் வேண்டும். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்: "எம் மகன் வீடியோ கால்ல ரூமக் காட்டுங்கம்பான். பின்னால ஓடு தெரிஞ்சா, பென்சன் பணத்த என்னதாம்மா பண்றீகன்னு கேப்பான்."

ஒரே அறையில் ஊரே

யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பிழைக்கலாம் என்று ஹோட்டலில் ஒரு ராத்திரி, லாட்ஜில் ஒரு ராத்திரி என்று முடிவு செய்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத் திட்டியது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

ஹோட்டலில் முத்தையா குடும்பத்துக்கு வேறு வேறு மாடியில்தான் அறை கிடைத்தது. மெத்தையும் திரைச்சீலையுமாக அறைகள் என்னவோ அரண்மனைதான். ஆனால் கதவைச் சாத்தினால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முத்தையாவின் அண்ணன் குடும்பம் பேச ஆளில்லாமல் தம்பி அறைக்கு வந்தது. பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். இட்லிப்பொடி டப்பா வந்தது, தலையணைகள் வந்தன. சாயங்காலத்துக்குள் மொத்தக் குடும்பமும் முத்தையா அறையில் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் அதிகம் என்று சண்டைக்கு வருகிறார் என்று பயந்து போனேன். அவர் முகத்தில் நிஜமான கவலை. "மேடம், மத்த ரூம்ல ஏதாவது குறை இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, எல்லாரும் ஏன் அதுல இருந்து ஓடி வந்துட்டாங்க?"

முத்தையா போட்ட சத்தம்

மறுநாள் சஃபாரி. வனத்துறை வண்டியில் ஏறும்போதே அதன் டிரைவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, மூங்கில் புதரைக் கண்ணால் காட்டினார். புதர் அசைந்தது. டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் குட்டிகளோடு பாதையைக் கடந்தது. விடிய விடியக் காவல் இருந்து, தகரத்தைத் தட்டி, வெடி போட்டு, அப்படியும் பாதிக் கதிரைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் முத்தையா. மனுஷன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்துவிட்டார். இரண்டு கையையும் தட்டி, "ஏய்! ஓவ்! ஓவ்! போ அங்கிட்டு!" என்று போட்டார் ஒரு சத்தம். பன்றி ஓடியது, மான் ஓடியது, மூங்கில் புதருக்குள் இருந்தது எதுவோ அதுவும் மடமடவென்று முறித்துக்கொண்டு போனது. சஃபாரி முடிகிற வரை அப்புறம் ஒரு குரங்குகூட எங்கள் கண்ணில் படவில்லை. எல்லாரும் முத்தையாவை முறைத்தார்கள். டிரைவர் மட்டும் கோபப்படாமல் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, இது உங்க தோட்டத்துப் பன்னி இல்லீங்க, கவர்மெண்டுப் பன்னிங்க."

வேலியில் கட்டிய சேலை

லாட்ஜுக்குப் போகிற வழியெல்லாம் வேனுக்குள் ஒரே புழுக்கம். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். முத்தையா தலையை நிமிர்த்தவில்லை. "வெவஸ்த கெட்ட மனுசன், வந்த எடத்துலயுமா காவ காக்கணும்?" என்று பாண்டியம்மா அவரை வறுத்துக்கொண்டே வந்தார். இனி என் வேனில் யார் ஏறுவார்கள்? உரக்கடை வாடை அப்போதே என் மூக்கில் அடித்தது.

வேனை விட்டு இறங்கியதும் பாண்டியம்மா அப்படியே நின்றுவிட்டார். லாட்ஜுக்குப் பின்னால் ராகிக் கொல்லை. அதைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டி வேலி போட்டிருந்தார்கள், பன்றிக்குப் பயந்து எங்கள் பக்கம் கட்டுகிற மாதிரியே. "ஏங்க, இங்கிட்டு வந்து பாருங்க!" என்று பாண்டியம்மா கூப்பிட்ட சத்தத்தில்தான் முத்தையா தலையை நிமிர்த்தினார். லாட்ஜ் நடத்துகிற ரத்னம்மா சஃபாரியில் நடந்ததைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேலைக்குப் பன்றி அடங்குகிறதா என்று முத்தையா கேட்க, அந்த அம்மா அலுத்துக்கொண்டார்: "நூல் சேலைக்கெல்லாம் பழகிப் போச்சுங்க, இனிமே பட்டுச்சேலை கட்டினாத்தான் மதிக்கும்போல."

எங்களில் டீச்சர்தான் முதலில் சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் துணிந்து சிரித்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

ரத்னம்மா அடுப்படியைத் திறந்துவிட்டார். பாண்டியம்மா உலை வைத்தார், ஓரகத்திமார் தேங்காய் துருவினார்கள். டீச்சர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். டீச்சர் வீட்டுக்காரர் முற்றத்தில் முத்தையாவோடு மக்காச்சோள விலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு நான் அசந்துபோனேன். மனிதருக்குக் குரல் இருக்கிறது!

பொழுது சாய்கிற நேரம், ஓடைக்கு அந்தப் பக்கம் மரக்கிளை முறிகிற சத்தம். "யானைங்க," என்றார் ரத்னம்மா மெதுவாக. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். முத்தையா யாரும் சொல்லாமலே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு முதுகு, ஆடுகிற ஒரு காது. அவ்வளவுதான் தெரிந்தது. டீச்சர் கண்ணில் தண்ணீர். போனை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தார்: "முத்தையா, கொஞ்ச நேரம் மூச்சுகூட விட்ராதீக."

காரியாபட்டியில் இறங்கியவர்

திரும்பி வரும்போது முதலில் காரியாபட்டி. டீச்சர் இறங்கினார். பையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தவர், திரும்பி என் ஜன்னலுக்கு வந்தார். புகார் வருகிறது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். "லீவுக்கு எம் மகன் குடும்பம் வருது, அந்த ஓட்டு லாட்ஜவே போட்டுரு செல்வி. முத்தையா குடும்பத்தையும் கூட்டியா. வண்டில அவரை எனக்குப் பக்கத்துல உக்கார வையி, வாயப் பொத்த நான் இருக்கேன்."

உரக்கடையில் எனக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு யூரியா மூட்டை உட்கார்ந்திருக்கிறது, யாரை எங்கே படுக்க வைப்பது என்ற கவலை அதற்கு இல்லை என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமை.