திருப்பி அனுப்பும்வரை அரைக் கட்டணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் சுவிசுக்கு அகதியாக வந்த நான், ஷ்லீரன் நகரில் துப்புரவு வேலை செய்கிறேன். ஞாயிறுதோறும் தொலைவில் கூர் நகரில் இருக்கும் தங்கையிடம் ரயிலில் போவேன். ரயில் சீட்டைப் பாதி விலைக்கு எடுக்க உதவும் அரைக் கட்டண அட்டை வாங்க நினைத்தபோது, என் அறைத்தோழரான அண்ணை மறித்தார்.

"அது ஒரு வருசத்துக்கு, தம்பி. நாளைக்கே எங்களைத் திருப்பி அனுப்பினால் காசு வீண்."

அதைக் கேட்டு இரண்டு வருடம் முழுக் கட்டணம் கட்டிய முட்டாள் நான்.

போன மாதம் என் அகதி மனுவை நிராகரித்துக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டைத் தபாலில் போட்டுவிட்டு, நேரே ரயில் நிலையத்துக்குப் போய் அட்டையை வாங்கினேன்.

"உனக்கென்ன விசரோ, பைத்தியமோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. வருசம் முடியப் புதுப்பிக்கவும் போறன்."

அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். இப்போது ஜெர்மன் வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒரு வருட வகுப்புத்தான்.