இவருக்கு ஒன்றுமில்லை

என் கணவர் செல்வரட்ணத்திடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் எந்த வாசலில் காரை நிறுத்தினால் விரட்ட மாட்டார்கள், எந்தக் கடைக்கு எந்த நாளில் நல்ல மீன் வரும், எந்த நெடுஞ்சாலையில் எப்போது நெரிசல், எல்லாம் சொல்லுவார். உடம்புக்கு என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது. "ஒண்டுமில்லை" என்பார். காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கும்போதும் அதுதான் பதில். பாண் சுடும் பேக்டரியில் வேலை செய்த காலத்தில் கையைச் சுட்டுக்கொண்டு முழங்கைவரை கட்டுப் போட்டு வந்த அன்றும் அதையேதான் சொன்னார். அந்தக் கட்டோடு சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

எங்கள் குடும்ப டொக்டர் மில்லிக்கனில், ஒரு பிளாசாவுக்குள், கொத்துரொட்டிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருக்கிறார். தமிழர்தான். பாஷை தெரியாது என்று இவர் சாட்டுச் சொல்லவும் வழியில்லை. டொக்டர் "எப்படி இருக்கிறியள் அண்ணை?" என்று இவரைக் கேட்பார், பதிலை நான் சொல்லுவேன். இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், எந்தக் குளிசையை விழுங்காமல் யன்னல் ஓரத்தில் விட்டுவிடுகிறார், எல்லாம் நான்தான். இவர் சுவரில் தொங்கும் இருதயப் படத்தைப் பார்த்தபடி, நாங்கள் வேறு யாரையோ பற்றிக் கதைக்கிறோம் என்பதுபோல இருப்பார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய வீட்டில் இதுதான் நடைமுறை. உடம்பு வருத்தம் ஆம்பிளைக்கு, அதைச் சொல்லும் வேலை பெண்சாதிக்கு.

போன வருடம் பாரிஸிலிருந்து ஜெயமலர் தொலைபேசி எடுத்தாள். இவருடைய தம்பி ஜெயரட்ணத்தின் மனைவி. ஜெயரட்ணம் திடீரென்று மாரடைப்பில் போய் மூன்று வருடமாகியிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் செரீனாவுக்குக் கலியாணம். மாதா கோவில் வாசலிலிருந்து பீடம்வரை தகப்பன் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் பெரியப்பா வர வேண்டும் என்று பிள்ளை கேட்கிறாளாம். இவர் போனை என்னிடம் தந்துவிட்டு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. கேட்டேன். சவர்க்கார நுரை பட்டுவிட்டது என்றார்.

அன்றிலிருந்து ஒத்திகை. நாங்கள் இருப்பது டோர்செட் பார்க்கில், அடுக்குமாடியின் பதினோராம் மாடியில். லிஃப்ற் வாசல்தான் கோவில் வாசல், குப்பை போடும் அறைதான் பீடம், நான்தான் மணமகள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு நடப்பார். அடி எடுத்து வைப்பதில் அப்படியொரு கண்டிப்பு. "அவசரப்படாதை அன்ரனெற், பின்னாலை ஆரும் துரத்தேல்லை" என்பார். பாதி வழியில், தீயணைப்புக் கருவி மாட்டிய இடத்தில், எப்போதும் ஒருமுறை நிற்பார். ஏன் என்று கேட்டேன். படம் எடுக்கிறவர்களுக்கு வசதியாக நிற்க வேண்டுமாம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோப் பெண் குப்பைப் பையோடு வந்து, நாங்கள் பீடத்தை அடையும்வரை சுவரோடு ஒதுங்கி மரியாதையாக நின்றாள். எனக்கு மானம் போயிற்று. இவர் தலையசைத்து நன்றி சொன்னார்.

பயணத்துக்கு முன் காப்புறுதி எடுக்கக் கஜீவன் என்ற முகவரிடம் போனோம். வெளிநாட்டில் வருத்தம் வந்தால் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹெல்த் கார்ட் பெரிதாக உதவாது, தனியாகக் காப்புறுதி வேண்டும் என்று அந்தப் பொடியன் விளக்கிவிட்டு ஒவ்வொரு வருத்தமாகக் கேட்டான். பிரஷர் இருக்கிறதா? இல்லை. கொலஸ்ட்ரோல்? இல்லை. இவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் இல்லை போட்டார். நான் கைப்பையைத் திறந்து இவருடைய குளிசைப் போத்தல்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினேன். கஜீவன் முதலிலிருந்து தொடங்கினான். வீடு வரும்வரை இவர் என்னோடு கதைக்கவில்லை.

பாரிஸில் ஜெயமலரின் வீடு நாலாம் மாடியில், லிஃப்ற் கிடையாது. போன கையோடு எங்கள் சூட்கேஸ்களை மட்டுமல்ல, ஜெர்மனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வந்தவர்களுடையதையும் இவரே தூக்கி ஏற்றினார். பியர்சனில் வந்திறங்கும் ஊர்ச் சனத்துக்கெல்லாம் பெட்டி தூக்கிய பழக்கம். செரீனா மட்டும் படியோரத்தில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பெண்ணுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லோரும் மண்டபம் அலங்கரிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவரும், தலைமுடியைச் சுருட்டிக் கட்டி முகத்தில் பச்சையாக எதையோ பூசியிருந்த செரீனாவும் மட்டும். கடைக்குப் போன இவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். கலியாண வீட்டில் ஆஸ்பத்திரிக் கதை கதைக்காதே என்று சீறினார். அதற்குள் செரீனா அம்புலன்ஸுக்குப் போன் எடுத்துவிட்டாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்கள் இவரை நாற்காலியில் இருத்திக் கட்டி நாலு மாடியும் இறக்கினார்கள். வாழ்நாளில் முதல்தடவையாக இவரை வேறு ஆட்கள் தூக்கினார்கள். அந்த அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டார். செரீனா முகத்தை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, தலைச் சுருள்களோடு அப்படியே ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருந்த பெண் பிரான்ஸின் மருத்துவ அட்டையைக் கேட்டாள். இவர் மிகுந்த மிடுக்கோடு தன் ஒன்ராறியோ ஹெல்த் கார்டை எடுத்து நீட்டினார். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள்; படம் நன்றாக இருக்கிறது என்றாளாம், செரீனா பிறகு சொன்னாள். கடவுச்சீட்டையும் ரொறன்ரோ விலாசத்தையும் பதிந்துகொண்டு, முதலில் வைத்தியம் பார்ப்போம், கணக்கு வீட்டுக்கு வரும் என்றார்கள். நான் கஜீவன் தந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து விவரத்தைச் சொன்னேன். அதுவரைக்கும் நான்தான் ராணி. டொக்டர் வந்ததும் என் ராச்சியம் முடிந்தது. எனக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லக்கூட வராது. இவருடைய வருத்தத்தைச் சொல்ல முடியாமல் ஒரு டொக்டருக்கு முன்னால் நான் வாயடைத்து நின்றது அன்றுதான்.

டொக்டர் ஒரு இளம்பெண். என்ன செய்கிறது என்று கேட்டதைச் செரீனா தமிழில் சொன்னாள்.

"சூட்கேஸ் தூக்கினது. வேறை ஒண்டுமில்லை எண்டு சொல்லு" என்றார் இவர்.

செரீனா டொக்டரிடம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், இடது தோளைக் காட்டினாள், ஒவ்வொரு மாடியிலும் இவர் நின்று மூச்சு வாங்கியதை அப்படியே நடித்துக் காட்டினாள். டொக்டர் ஏதோ கேட்கக் கேட்க இன்னும் சொன்னாள். இவர் என்னைப் பார்த்தார். நாலு சொல்லுக்கு இவ்வளவு நீளமா என்ற சந்தேகம் முகத்தில் எழுதியிருந்தது. அவள் கதைத்து முடிப்பதற்குள் தாதி இவருடைய நெஞ்சில் வயர்களை ஒட்டிவிட்டாள்.

இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாயொன்று அடைபட்டுக்கொண்டு வருகிறதாம். இன்றைக்கே திறந்து ஸ்டென்ட் வைக்க வேண்டும், பிறகு சில நாட்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார் டொக்டர். இவர் எழும்பிக் கட்டிலில் இருந்தார். சனிக்கிழமை கலியாணம், ரொறன்ரோ போய்ச் செய்துகொள்ளலாம், இப்போது விடச் சொல்லு என்று செரீனாவிடம் சொன்னார். பிள்ளை டொக்டர் பக்கம் திரும்பவில்லை. சொல்லு பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லு என்றார் மறுபடியும்.

"அப்பாவும் உப்பிடித்தான் சொல்லச் சொன்னவர், பெரியப்பா" என்றாள் செரீனா. "கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் என்ன செய்யுது எண்டு கேட்டார். அப்பா ஒண்டுமில்லை எண்டார். நானும் அப்பிடியே ஒண்டுமில்லை எண்டு மொழிபெயர்த்துப்போட்டன். நாலு நாளிலை அப்பா செத்துப்போனார். இனி அந்தச் சொல்லை நான் ஆருக்கும் மொழிபெயர்க்க மாட்டன்."

அவளுடைய காதோரத்தில் அந்தப் பச்சைப் பூச்சு காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக இந்தப் பிள்ளை இதைத் தனியே சுமந்திருக்கிறாள். இவர் மெல்லத் தலையணையில் சாய்ந்தார்.

"நோகுது பிள்ளை" என்றார். "இண்டைக்கில்லை. ரொறன்ரோவிலை நடந்து பழகேக்கையே நோகத் தொடங்கினது. அதுதான் பாதியிலை நிண்டனான்."

படம் எடுப்பவர்களுக்கு வசதி. இந்த மனிதரின் குளிசையை எண்ணி, சாப்பாட்டில் உப்பைக் குறைத்து, எல்லாம் தெரிந்தவள் என்று டொக்டருக்கு முன்னால் நிமிர்ந்து இருந்த நான், இரவுக்கிரவு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தும் அறியவில்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல ஆத்திரம் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செரீனா கண்ணைத் துடைத்துவிட்டு, இவர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் டொக்டருக்குச் சொன்னாள். இந்தமுறை நீளம் சரியாக இருந்தது.

அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். சனிக்கிழமை விடமாட்டோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். செரீனா கலியாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றாள், இவர் கேட்கவில்லை. பெரியம்மா கூட்டிக்கொண்டு போவாள், அவளுக்கு நடை தெரியும் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குத் தெரிந்தது மணமகளின் நடை என்று சொல்லிப் பார்த்தேன். கை மாறும், அவ்வளவுதானே என்றார்.

அப்படித்தான் பாரிஸில் ஒரு கோவிலில், சரிகைச் சேலையோடு, தகப்பன் நடக்க வேண்டிய இடத்தில் நான் நடந்தேன். சொந்தக்காரப் பொடியன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படவில்லை. பாதி வழியில் என் கால் தானாக நின்றுவிட்டது.

"ஏன் பெரியம்மா நிக்கிறியள்?" என்று செரீனா மெதுவாகக் கேட்டாள்.

"பெரியப்பா இஞ்சைதான் நிக்கிறவர்" என்றேன்.

அவள் என் கையை இறுக்கினாள். அந்த இடத்தில் எடுத்த படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உண்மையிலேயே நல்ல படம்.

பறக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு ரொறன்ரோ திரும்பினோம். கணக்கைக் காப்புறுதிக்காரர் பார்த்துக்கொண்டார்கள். குளிசைப் போத்தல்களை நான் மேசையில் அடுக்கியதை இவர் இப்போது தன் கெட்டித்தனமாக ஊருக்குச் சொல்லித் திரிகிறார். மில்லிக்கன் டொக்டர் வழமைபோல எப்படி இருக்கிறியள் அண்ணை என்று கேட்டார். நானும் வழமைபோல வாயைத் திறந்தேன். இவர் என் முழங்காலில் கையை வைத்துவிட்டு, தானே சொல்லத் தொடங்கினார். முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. வெளியே காத்திருந்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் செரீனா தொலைபேசி எடுப்பாள். பெரியப்பா எப்படி என்பதுதான் முதல் கேள்வி. போன கிழமை இவருக்கு மருந்துக்குக்கூட ஒரு குறை இல்லை. காலையில் நல்லாக நடந்து, இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டு, பாட்டும் பாடிக்கொண்டிருந்தார். போன் அடித்ததும் எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறது இண்டைக்கு?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றால் அப்படியே சொல்ல வேண்டியதுதானே என்றேன். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு போனைக் காதில் வைத்து, "வலது முழங்கால் சாடையாய்க் குத்துது பிள்ளை" என்றார். அந்தப் பக்கம் செரீனா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது எனக்கும் கேட்டது.