ஆடு தின்ற யானைப்படை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வாரந்தோறும் திருச்சிப் பேராசிரியர் ஒருவரோடு வீடியோவில் போர் விளையாட்டு ஆடுகிறேன். பலகையும் அட்டைப் படைகளும் மீமிசலில் என் வீட்டில்தான். அவர் சொல்லச் சொல்ல அவர் படையையும் நானே நகர்த்துவேன்.

அன்று டீ குடிப்பதாகச் சொல்லிவிட்டு அவர் முகம் திரையில் மறைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், எங்கள் ஆடு அவருடைய யானைப்படையை மென்றுகொண்டிருந்தது. என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்து விளையாட்டையே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். சோப்பு அட்டையில் அவசரமாக ஒரு யானை வெட்டினேன். பன்றி மாதிரி வந்தது. அதையே நிறுத்தினேன்.

அவர் முகம் தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. “சார், ஒங்க யானைய ஆடு தின்னுருச்சுங்க.”

“பாத்தேன் தம்பி, என் கேமராவ மட்டுந்தான் அணைச்சிருந்தேன். வெரட்டத்தான் கத்துனேன், மைக்கு ஆப்புல இருந்துச்சு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

அப்படியென்றால் நான் சோப்பு அட்டையை வெட்டி நிறுத்தியதையும் அவர் பார்த்திருக்கிறார். இன்றும் அந்தப் பன்றியைத்தான் “யானைய நகர்த்துங்க” என்கிறார்.